மலை இறக்கத்தில் லோடு லாரி: கால் பிரேக்கா, எக்ஸாஸ்ட் பிரேக்கா, கியரா?

புதுவயல் ஆலையில் அரிசி ஏற்றிக்கொண்டு கோட்டயம் பக்கம் போகிற லாரிக்கு முதல் இருநூறு கிலோமீட்டர் பிரேக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது. காரைக்குடி, திருப்பத்தூர், மேலூர், மதுரை, தேனி, கம்பம் என்று எல்லாம் சமதரை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏற்றம். அங்கே எஞ்சின்தான் கஷ்டப்படும், பிரேக் இல்லை. பீர்மேடு தாண்டி, குட்டிக்கானம் தாண்டி, முண்டக்கயத்தை நோக்கி வண்டி தலை கவிழும்போதுதான் கேள்வி வருகிறது: இந்த லோடை எதை வைத்துப் பிடிப்பது?

செட்டிநாட்டுத் தரையில் வண்டி பழகியவர்களுக்கு விடை காலிலேயே இருக்கிறது. ஆடு குறுக்கே வந்தால் மிதி, கண்மாய்க்கரை வளைவு வந்தால் மிதி, எதிரே பஸ் வந்தால் மிதி. சமதரையில் அது சரி. மிதித்த சூடு அடுத்த நாலு கிலோமீட்டரில் ஆறிவிடும். இறக்கத்தில் ஆற நேரமே கிடைக்காது. ஆபத்து முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

குட்டிக்கானத்துக்கும் முண்டக்கயத்துக்கும் இடையே உயர வித்தியாசம் ஏறத்தாழ 1000 மீட்டர். 28 டன் எடையுள்ள பத்துச் சக்கர வண்டி அந்த உயரத்தை இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 76 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு சின்ன வீட்டின் ஒரு மாதக் கரண்ட் அது. முக்கால் மணி நேரத்தில் வெப்பமாக வெளியேற வேண்டும். மூன்று ஆக்சிலுக்கும் சேர்த்து ஆறு பிரேக் டிரம். ஒன்று 50 கிலோ என்றால் மொத்தம் 300 கிலோ வார்ப்பிரும்பு. அத்தனை வெப்பமும் அந்த இரும்பில் இறங்கி, எங்கேயும் ஆறாமல் நின்றால் சூடு 2000 டிகிரியை ஒட்டிப் போகும். வார்ப்பிரும்பு 1200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். நிஜத்தில் ஒரு பங்கு டயர் உருளும் தடையில் போகிறது, ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங்கின் பிடிப்பு குறைய 300 டிகிரியே போதும். ஆக, கால் பிரேக்கை மட்டும் நம்பி இந்த இறக்கத்தை இறங்க முடியாது. ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

நியூட்ரல்

இதை ஒரு வழி என்று எடுத்துக்கொள்வதே தப்பு. ஆனாலும் லாரி செட்டுகளில் இன்றும் நடக்கிற பேச்சு என்பதால் முதலில் இதை முடித்துவிடலாம். "இறக்கத்துல சும்மா உருட்டி விடு தம்பி, டீசல் மிச்சம்" என்று மூத்தவர் ஒருவர் சொன்னால் இளைய ஓட்டுநர் மறுத்துப் பேசுவது கஷ்டம். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் காலத்தில் வந்த பழக்கம் அது. இப்போதுள்ள, டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் காமன் ரெயில் எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால், சுற்று ஓரளவு மேலே இருக்கும்வரை இஞ்செக்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தானாக ஐடிலில் ஓட வேண்டும். அதற்கு மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் எரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர், கியரில் எரியாத டீசலை எரித்துக்கொண்டு இறங்குகிறார்.

அதைவிடப் பெரிய நஷ்டம் காற்றில். லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. ஏர் கம்ப்ரஸர் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. ஐடிலில் அது மெதுவாகத்தான் காற்று ஏற்றும். நியூட்ரலில் வண்டியைப் பிடிக்கக் கால் பிரேக் மட்டுமே இருப்பதால் மிதிப்பதோ அதிகம். செலவு கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. வேகம் கூடிய பிறகு "கியரைப் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைத்தால் விழாது; எஞ்சின் சுற்றும் வண்டி வேகமும் ஒத்துப்போகாமல் கியர் உரசும். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில் லோடு லாரி கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் வண்டிகள் மீது ஏறிய விபத்துகள் எத்தனையோ. அந்த இறக்கம் கண்ணுக்குப் பெரிய மலைப்பாதையாகத் தெரியாது. அகலமான நாலு வழிச் சாலை. அதனால்தான் வண்டியை உருட்டிவிடத் தோன்றுகிறது.

சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்து உருட்டுகிறவர்களும் உண்டு. பவர் ஸ்டியரிங் போய்விடும், காற்று ஏறுவது நின்றுவிடும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கால் பிரேக்: மெல்ல அழுத்திப் பிடிப்பதா, விட்டு விட்டு மிதிப்பதா?

இதில்தான் நல்ல ஓட்டுநர்களிடையேயும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரு சாரார் பெடலை இலேசாக அழுத்தியபடியே முழு இறக்கமும் இறங்குவார்கள். வண்டி குலுங்காது, லோடு அசையாது, பார்ப்பதற்கும் பக்குவமான ஓட்டம். இன்னொரு சாரார் வேகம் ஒரு அளவு ஏறும்வரை விட்டு, அழுத்தமாக ஒரு மிதி மிதித்துக் குறைத்து, மறுபடி முழுதாக விடுவார்கள்.

மொத்த வெப்பம் இரண்டிலும் ஒன்றேதான். அது எந்தச் சக்கரத்தில் இறங்குகிறது என்பது மாறும். ஏர் பிரேக்கில், காற்று நிரம்பிப் பிரேக்கைத் தள்ளும் ஆறு சேம்பரும் ஒரே அழுத்தத்தில் வேலை செய்யத் தொடங்குவதில்லை. ஒரு சக்கரத்தின் ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும், ஒன்றின் ஸ்லாக் அட்ஜஸ்டர் (சேம்பரின் தள்ளலைப் பிரேக்குக்குக் கடத்தும் கை) தளர்ந்திருக்கும், ஒரு வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறக்கும். இலேசாக அழுத்தும்போது இரண்டு சக்கரமோ மூன்று சக்கரமோதான் பிடிக்கும். மற்றவை சும்மா உருளும். பிடிக்கிற அந்த இரண்டு மூன்று டிரம்மும் மொத்தச் சூட்டையும் வாங்கும். அழுத்தி மிதித்தால் ஆறும் சேர்ந்து பிடிக்கும், சூடு பங்காகும், விட்ட இடைவெளியில் டிரம்முக்குக் கொஞ்சம் காற்றும் படும்.

ஆகவே எங்கள் கட்சி விட்டு விட்டு மிதிப்பதுதான், ஆனால் முறையோடு. இறங்க வேண்டிய வேகம் 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் 35-ஐத் தொட்டதும், வண்டி நன்றாக இழுத்துப் பிடிப்பது உடம்புக்குத் தெரியும் அளவுக்கு மிதிக்க வேண்டும். மூன்று வினாடி போதும். 27, 28-க்கு வந்ததும் காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். பெடல் மேல் கால் ஓய்வெடுக்கக் கூடாது. மறுபடி 35 வரும்வரை கியர் பார்த்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வினாடிக்கு ஒருமுறையே 35 வந்துவிடுகிறது என்றால் கியர் தப்பு. இன்னும் சின்ன கியரில் இறங்கியிருக்க வேண்டும்.

படபடவென்று பெடலைக் குத்துவது இதில் சேராது. ஒவ்வொரு குத்துக்கும் சேம்பரில் நிறைந்த காற்று வெளியே போகிறது. அப்படிக் குத்திக்கொண்டே வந்தால் காற்றழுத்த கேஜ் முள் கண்ணெதிரே இறங்கும். நல்ல நிலையில் 7, 8 பார் இருக்க வேண்டிய இடத்தில் முள் 5-க்குக் கீழே சரியத் தொடங்கினால் இடம் பார்த்து நிறுத்துங்கள். பஸ்ஸர் அடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காற்று மேலும் இறங்கினால் பின் சேம்பரில் உள்ள ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அது நடக்கும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

கியரும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்

இவை இரண்டையும் தனித்தனியாக ஒப்பிடுவதில் பயனில்லை. கியர் இல்லாமல் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாது. கிளட்சை மிதித்தாலே அது விட்டுவிடும். சைலன்சர் குழாயில் உள்ள ஒரு தகடு மூடிக்கொள்ள, வெளியேற முடியாத புகை பிஸ்டனை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த எதிர்ப்பு எஞ்சின் சுற்றோடு கூடும். நிமிடத்துக்கு 1200 சுற்றில் அது ஒப்புக்குத்தான் பிடிக்கும். 2000-க்கு மேல்தான் உண்மையான பிடி. பெரிய கியரில் போட்டுவிட்டு எக்ஸாஸ்ட் சுவிட்சையும் தட்டிவிட்டு, "இது பிடிக்கவே மாட்டேங்குது அண்ணே" என்று பட்டறையில் வந்து சொல்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. சுற்றுதான் குறைவாக இருந்திருக்கும்.

ஒரு கணக்கு. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இறங்கும் சரிவு, வண்டி 28 டன். 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் பிரேக்குகள் எல்லாம் சேர்ந்து உறிஞ்ச வேண்டியது சுமார் 160 குதிரைத்திறன். அதே சரிவில் 50-ல் இறங்கினால் 250. நல்ல நிலையில், உயர்ந்த சுற்றில், எக்ஸாஸ்ட் பிரேக்கும் எஞ்சினும் சேர்ந்து எஞ்சின் திறனில் ஏறத்தாழ பாதியை உறிஞ்சும் என்று வையுங்கள். 200 குதிரைத்திறன் வண்டி என்றால் 100. ஆக 30-ல் இறங்குகிறவர் காலால் பிடிக்க வேண்டியது 60, 50-ல் இறங்குகிறவர் பிடிக்க வேண்டியது 150. அவர் மிச்சம் பிடிப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்கு டிரம் வாங்கும் சூட்டின் வேகம் இரண்டரை மடங்கு.

"ஏறுகிற கியரிலேயே இறங்கு" என்பது பழைய பாடம். பழைய வண்டிக்கு அது போதும். புதிய எஞ்சினில் உள்ளுரசல் குறைவு, திறன் அதிகம். நாலாவது கியரிலேயே மேடு ஏறிவிடும். அதே நாலாவதில் இறங்கினால் பிடிக்காது. புதிய வண்டியில் ஏறிய கியருக்கு ஒன்று குறைத்து இறங்குங்கள். எந்தக் கியரானாலும் அதை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு கியர் குறைக்க முயன்றால், பெரிய கியரும் போய், சின்ன கியரும் விழாமல், நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரின் சிவப்புப் பகுதிக்குள் முள் போகவும் கூடாது; அங்கே போகிறதென்றால் உடனே கால் பிரேக்கால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் பிரேக்குக்கும் கெட்ட நேரம் உண்டு. அது பிடிப்பது எஞ்சினோடு இணைந்த பின் சக்கரங்களை மட்டும். லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக, மழையில், வழுக்கும் ரோட்டில் வரும்போது பின் சக்கரத்தின் மேல் எடை இல்லை. அங்கே எக்ஸாஸ்ட் பிரேக் திடீரென்று பிடித்தால் பின்பக்கம் வழுக்கி இழுக்கும். ட்ரெய்லராக இருந்தால் மடங்கும். வெறும் வண்டி, ஈர ரோடு என்றால் அதை அணைத்துவிட்டு, சின்ன கியரில், எல்லாச் சக்கரமும் பிடிக்கும் கால் பிரேக்கை மென்மையாகப் பயன்படுத்துவதே மேல். இந்த ஓரிடத்தில் மேலே சொன்ன தீர்ப்பு தலைகீழாகிறது.

ரிட்டார்டர் என்று ஒன்று உண்டு; டிரம்மைத் தொடாமலே வண்டியைப் பிடிக்கும் தனிக் கருவி. சில பஸ்களிலும் விலை கூடிய ட்ரெய்லர்களிலும் வருகிறது. மலை இறக்கத்துக்கு அதைவிட நல்லது இல்லை. வாரம் தவறாமல் மலை ஏறி இறங்கும் வண்டி வாங்குகிறவர்கள் அதற்குக் காசு போடலாம். மாதம் ஒருமுறை கேரளா போய் மற்ற நாளெல்லாம் தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று சமதரையில் ஓடும் வண்டிக்கு, இருக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைச் சரியாக வைத்திருந்தாலே போதும்.

அந்தச் "சரியாக வைத்திருப்பது"தான் நடப்பதில்லை. தகட்டின் அச்சில் கரி படிந்து இறுகிவிடும். பாதி மூடியபடி நின்றால் வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும், மைலேஜ் குறையும். உடனே பட்டறையில் இணைப்பைக் கழற்றித் தகட்டைத் திறந்தபடியே கட்டிவிடுவார்கள். சமதரையில் எந்தக் குறையும் தெரியாது. மாதங்கள் கழித்து வேறொரு ஓட்டுநர் அந்த வண்டியில் மலைக்குப் போவார். எனவே புதிதாக ஒரு வண்டியில் ஏறுகிறவர் மதுரை தாண்டும் முன்பே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். ஆளில்லாத நேர் ரோட்டில், சுற்று 2000-ல் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டு எக்ஸாஸ்ட் சுவிட்சைப் போடுங்கள். சத்தம் மாறி, வண்டி பின்னால் இழுத்தாற்போல் இருக்க வேண்டும். எதுவும் மாறவில்லையென்றால் மலைக்கு முன்னால் பட்டறை பாருங்கள். கழற்றிச் சுத்தம் செய்து அச்சை இலகுவாக்குவது அரை நாள் வேலை.

சமதரைக்கு வேறு கணக்கு

ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் எக்ஸாஸ்ட் பிரேக் துணைதான், கால்தான் தலைமை. இங்கே வேகமே எதிரி. கியரைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. ஓட்டுநர் பார்த்து மிதிக்க ஒரு வினாடி, காற்று குழாய் வழியே போய்ச் சேம்பரை நிரப்ப அரை வினாடி. 60-ல் போகும் வண்டி அந்த ஒன்றரை வினாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். பிறகு நிற்க இன்னும் 35 மீட்டர் என்றால் மொத்தம் 60 மீட்டர். 80-ல் அதே வண்டிக்கு 95 மீட்டர். இது காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்ற கணக்கு. தை மாதத்தில் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்து போகிறவர்கள் இரவிலும் ரோட்டோரம் வரிசையாகப் போவார்கள். முகப்பு விளக்கில் அவர்கள் தெரியும் தூரத்துக்குள் வண்டி நிற்க வேண்டும். அந்த நாட்களில் அந்த ரோட்டில் 40-க்கு மேல் எதற்கு?

ஐப்பசியில் முதல் மழை விழும்போது ரோட்டில் படிந்த செம்மண் புழுதியும் எண்ணெயும் கலந்து வழுக்கும். நாலு நாள் மழை பெய்து கழுவிய பிறகு அந்த அளவு ஆபத்து இல்லை. அறுவடைக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் பிரேக் பிடித்தாலும் அதே கதைதான். கலுங்கு வழியும் தண்ணீரில் இறங்கி ஏறினால் லைனிங் நனைந்திருக்கும். கரையேறியதும் சின்ன கியரில் போய்க்கொண்டே பெடலை இலேசாகச் சற்று நேரம் அழுத்திக் காயவைத்துக்கொள்ளுங்கள். பெடலை இலேசாக அழுத்தியபடியே ஓட்டுவது சரியாக இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தானாகவே பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வண்டியில் இருக்கிறதா என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இருந்தால் முழு பலத்தோடு மிதித்து, விடாமல் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். விட்டு விட்டு மிதித்தால் அது செய்யும் வேலையை நீங்களே கெடுக்கிறீர்கள். சாவி போட்டதும் எரிந்து பிறகு அணைய வேண்டிய ஏபிஎஸ் விளக்கு, ஓடும்போதும் எரிந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிரேக் மட்டும் இருக்கும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் முழுதாக மிதித்து, சக்கரம் பூட்டிக்கொண்டதும் விட்டு, சக்கரம் உருண்ட பிறகு மறுபடி மிதிக்க வேண்டும். பூட்டிய சக்கரம் உருள ஒரு வினாடி வரை ஆகும். அந்த ஒரு வினாடி பொறுக்காமல் மறுபடி மிதித்தால் வண்டி நேராகாது.

புறப்படும் முன் கை வைத்துப் பார்க்க வேண்டியது

எந்த முறையைத் தேர்ந்தாலும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்த வண்டியில் பயனில்லை. சூடேறினால் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். சேம்பரிலிருந்து ஸ்லாக்கைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு இன்னும் நீள வேண்டும். ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அதற்கு நீள இடமே இருக்காது. மேலே நன்றாகப் பிடித்த பிரேக் பாதி இறக்கத்தில் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சமதளத்தில் டயருக்குக் கட்டை போட்டு, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஸ்லாக்கையும் பலமாக இழுத்துப் பாருங்கள். புஷ் ராடு சேரும் இடத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் சரிசெய்ய வேண்டும். ஆட்டோ ஸ்லாக் உள்ள வண்டியில் அப்படி அசைந்தால் ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டுப் போகாதீர்கள்; அது தானாக இறுக்காததற்கு வேறு கோளாறு இருக்கும், இரண்டு நாளில் மறுபடி தளரும்.

பிறகு கசிவு. காற்று முழுதாக ஏறியதும் எஞ்சினை அணைத்துப் பெடலை முழுதாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். முள் கால் பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. டேங்க் அடியில் உள்ள குழாயைத் திறந்து தினமும் தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் நிற்கும் அளவுக்குக் காற்றுக்கு இடம் குறையும், வால்வும் துருப்பிடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பிரேக் பிடிக்காமல் போனால் கியரை மட்டும் விட்டுவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டபடி, ஹாரனும் ஹசார்டு விளக்குமாக, மலைச்சுவர் இருக்கும் பக்கம் வண்டியை உரசவிட்டு வேகத்தைக் குறைக்கப் பாருங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் ஒதுங்காதீர்கள். ஹேண்ட் பிரேக் கடைசி வழி. ஓடும் வேகத்தில் இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும்.

கருகல் வாடை வந்தால், பெடலை வழக்கத்தைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தால், உடனே அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். கியரில் போட்டு, எஞ்சினை அணைத்து, டயருக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டாம். பழுத்த டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூ உள்ளே இறுகிக்கொள்ளும், டிரம்மில் வெடிப்பும் விழலாம். டிரம்மில் தண்ணீர் ஊற்றவே கூடாது, வார்ப்பிரும்பு அங்கேயே விரிசல் விடும். புறங்கையை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். அனல் முகத்தில் அடிக்காத அளவுக்கு ஆற அரை மணி நேரமாவது ஆகும். ஆறியதும் ஆறு டிரம்மையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதுதான் மற்றவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. இரண்டையும் குறித்துவைத்து முண்டக்கயம் இறங்கியதும் பட்டறையில் காட்டுங்கள்.